வேலை நெதர்லாந்தில், வீடு ஜெர்மனியில்: எல்லை தாண்டிக் குடியேறும் டச்சுக்காரர்கள் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 வால்நதி (நெய்மேகன்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருச்சிக்காரி. கணவர் டச்சுக்காரர், ஆர்னெம் பக்கம். நெய்மேகனில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே. எனக்கும் டச்சுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. பையனுக்கு மூன்று வயது. அவன் பிறந்ததும் நான் வேலையை விட்டுவிட்டேன்.

இரண்டு வருடமாக வீடு தேடுகிறோம். 2024இல் இந்த நாட்டில் கைமாறிய வீடுகளின் சராசரி விலையே சுமார் நாலரை லட்சம் யூரோ. அதுவும் கேட்ட விலைக்குக் கிடைக்காது. மூடிய ஏலம் மாதிரி அவரவர் ஒரு தொகையை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறு வீட்டுக்கு எழுதிக் கொடுத்தோம், ஆறும் போச்சு.

இப்போது கணவர் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எல்லை தாண்டி ஜெர்மனியில் வாங்கிவிடலாமாம். அவருடைய நண்பர்களில் மூன்று குடும்பங்கள் க்ரானன்புர்கிலும் க்ளேவெயிலும் தோட்டத்தோடு வீடு வாங்கிக்கொண்டு, தினமும் காலையில் நெதர்லாந்துக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். "பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷனுக்கு வருகிற மாதிரி" என்று, நான் சொல்லிக்கொடுத்த ஊர்ப் பெயரை வைத்தே என்னை மடக்குகிறார்.

அந்த நண்பர்கள் வீட்டுக்குப் போனால் தோட்டத்தைத்தான் காட்டுகிறார்கள். தொல்லை என்ன என்று கேட்டால் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தத் தொல்லைதான் தெரிய வேண்டும். அக்கம்பக்கத்தில் இப்படி வாழும் டச்சுக்காரர்களைப் பார்த்தவர்கள், சம்பளக் கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

#2 எல்லைக்கிளி (க்ரானன்புர்க் பக்கம்)

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம். ஜேர்மனிக்கு வந்து முப்பது வருசம் தாண்டிவிட்டது. எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீடு, அதில் நாலு ஒல்லாந்துக்காரர். (நாங்கள் சின்ன வயதில் சரித்திரப் புத்தகத்தில் படித்த அதே ஒல்லாந்தர்தான். அப்போது கோட்டை கட்டினார்கள், இப்போது மரக்கொட்டில் கட்டுகிறார்கள்.)

எந்த வீடு ஒல்லாந்துக்காரருடையது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. இரவில் நடந்து பாருங்கள். ஜேர்மன்காரர் பொழுதுபட்டதும் ஷட்டரைக் கீழே இறக்கிவிடுவார். ஒல்லாந்துக்காரர் யன்னல் சீலையை இழுக்கவே மாட்டார். என்ன சாப்பிடுகிறார்கள் என்பதுகூட றோட்டிலிருந்து தெரியும்.

நல்ல சனம். வந்த அன்றே பெயரைச் சொல்லிக் கையைக் கொடுப்பார்கள். ஆனால் முதல் வருசம் எல்லாரும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து மூன்றாம் ஞாயிறு, காலை ஒன்பது மணிக்குப் புல்வெட்டும் மெஷினைக் கிளப்பினார். இங்கே ஞாயிறு என்றால் சத்தம் கூடாது, அது சட்டம். யாரும் வந்து சண்டை பிடிக்கவில்லை. பின்னேரம் தபால் பெட்டியில் ஒரு துண்டுக் கடிதம் கிடந்தது, அழகான கையெழுத்தில், கையொப்பம் இல்லாமல். பாவம், அந்த மனிசன் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி, "ஏன் நேரில் சொல்லவில்லை?" என்று கேட்டார். ஒல்லாந்தில் என்றால் வேலிக்கு மேலால் கத்தியிருப்பார்கள், பிறகு சேர்ந்து கோப்பி குடித்திருப்பார்கள்.

போக்குவரத்து: கார் இல்லையென்றால் எமரிக், க்ளேவெ, க்ரானன்புர்க் வழியாக நெய்மேகன் போகும் எஸ்.பி.58 பஸ்தான். க்ளேவெ–நெய்மேகன் ரயில் 1991இல் நின்றுவிட்டது. அந்தத் தண்டவாளத்தில் இப்போது சுற்றுலாச் சனம் மிதிவண்டி மாதிரி மிதித்து ஓட்டும் வண்டிகள்தான் ஓடுகின்றன. பிள்ளைக்கு விருப்பமாக இருக்கும், வேலைக்குப் போக உதவாது.

கசப்பான பக்கமும் சொல்ல வேண்டும். ஒல்லாந்துச் சம்பளத்தோடு வருகிறவர்களுக்கு இங்கத்தை விலை மலிவு. இங்கே பிறந்து இங்கத்தைச் சம்பளம் எடுக்கும் பெடியனுக்கு அது மலிவு இல்லை. என் மகனே வீடு தேடி எல்லையைவிட்டு உள்ளுக்குப் போக வேண்டியதாயிற்று. அதனால் ஊரில் ஒரு முணுமுணுப்பு உண்டு: இவர்கள் இங்கே நித்திரை கொள்ள மட்டும்தான் வருகிறார்கள், பிள்ளையும் அங்கே படிக்குது, வைத்தியரும் அங்கே, சினேகிதரும் அங்கே என்று. ஊர்த் தீயணைப்புப் படையில் சேர்ந்தவர்களையும் கோடைத் திருவிழாவுக்கு மேசை தூக்க வந்தவர்களையும் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

#3 சைக்கிள்காரன் (ஊட்ரெக்ட்)

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரா? டச்சுக்காரருக்கு அது தூரமே இல்லை. எதிர்க்காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

#4 கணக்குப்பிள்ளை (ரோட்டர்டாம்)

சம்பளப் பட்டியல் போடுவதுதான் என் பிழைப்பு, எல்லை தாண்டி வருகிறவர்களுக்கும் போடுகிறேன். அதனால் தோட்டத்தை விட்டுவிட்டு நேராகக் காகிதத்துக்கு வருகிறேன். சகோதரி எழுதியதில் இரண்டு இடத்தில் எனக்கு மணி அடித்தது. ஒன்று, "வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே". இன்னொன்று, "நான் வேலையை விட்டுவிட்டேன்".

முதலாவது. எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர் விஷயத்தில் காப்பீடு தனி, வரி தனி. இரண்டுக்கும் விதி வேறு. எல்லாரும் குழம்புவது இங்கேதான்.

காப்பீடு என்றால் ஓய்வூதியம், நோய்ப்படி, வேலையின்மைப்படி எல்லாம் சேர்ந்தது. ஐரோப்பிய விதிப்படி ஒருவருக்கு ஒரே நாடுதான். வழக்கமாக வேலை பார்க்கும் நாடு. வீடு இருக்கும் நாட்டில் 25 சதவீதமோ அதற்கு மேலோ வேலை செய்தால் மொத்தக் காப்பீடும் அந்த நாட்டுக்குப் போய்விடும். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்வது பெருகிவிட்டதால், 2023 ஜூலை முதல் ஓர் ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது: வீட்டு வேலை 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், முதலாளியும் தொழிலாளியும் கேட்டுக்கொண்டால், முதலாளி நாட்டுக் காப்பீட்டிலேயே இருக்கலாம். நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றும் அதில் உண்டு. ஆக உங்கள் வீட்டுக்காரர் ஐந்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தாலும் காப்பீடு டச்சுக் காப்பீடுதான். எந்த நாட்டுக் காப்பீட்டில் இருக்கிறார் என்று காட்டும் ஏ1 சான்றிதழை மட்டும் மறக்காமல் வாங்க வேண்டும்.

வரி இப்படி இல்லை. எந்த நாட்டு மண்ணில் உட்கார்ந்து வேலை செய்தாரோ அந்த நாளின் சம்பளத்துக்கு அந்த நாட்டில் வரி. (அரசுப் பணி என்றால் விதி வேறு, அதை விடுங்கள்.) இரண்டு நாள் ஜெர்மனியில் என்றால் சம்பளத்தில் 40 சதவீதம் ஜெர்மன் வரிக்குள் வரும். 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் ஒரு திருத்தத்தில் கையெழுத்திட்டன: வருடத்தில் 34 நாள்வரை வீட்டிலிருந்து வேலை செய்தால் வேலை நாட்டுக்கே வரி. வாரம் ஒரு நாள் வைத்தாலே 34ஐத் தாண்டிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்பீர்கள். டச்சுக்காரர்களுக்கு உயிரான சலுகை, வீட்டுக் கடன் வட்டியை வருமானத்தில் கழித்துக்கொள்வது. வெளிநாட்டில் குடியிருந்தாலும் அது கிடைக்கும், ஆனால் எல்லா நாட்டிலும் சேர்த்து அவருக்கு வரும் வருமானத்தில் 90 சதவீதமாவது நெதர்லாந்தில் வரிக்கு உட்பட்டிருக்க வேண்டும். அதற்கு வருடா வருடம் ஜெர்மன் வரி அலுவலகத்தில் முத்திரை வாங்கிய வருமானச் சான்று வேண்டும். 40 சதவீதம் ஜெர்மனிக்குப் போனால் 90 எங்கே? வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறப்பதற்கு இதுதான் விலை. என் கையில் வந்த மூன்று பேர் இதில் மாட்டினார்கள். மூன்று பேரும் "காப்பீட்டில் 50 சதவீதம்வரை சரி என்றார்களே" என்றுதான் சொன்னார்கள்.

இரண்டாவது விஷயத்தை ராத்திரி எழுதுகிறேன், வேலை இருக்கிறது.

#5 ஊர்சுற்றி (டென் ஹாக்)

இவ்வளவு சலுகை கொடுத்தும் ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எல்லை தாண்டும் டச்சுக்காரர் எல்லாம் வரிக்குப் பயந்தவர்கள். பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் பக்கம் ப்ராஸ்காட்டில் போய்ப் பாருங்கள், மாளிகை மாளிகையாக.

#6 ஐந்தோவன்_தம்பி

ஊர்சுற்றி அண்ணா, எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். என் பக்கத்து இருக்கை டச்சுக்காரர் பெல்ஜியத்தில் லோமலில் இருக்கிறார். அங்கே வீட்டுமனை பெரிது, அவருக்கு மூன்று பிள்ளை, அவ்வளவுதான் காரணம். தினமும் முப்பது கிலோமீட்டர் வருகிறார்.

அவர் கதையைச் சொல்கிறேன், வால்நதி அக்காவுக்குப் பயன்படும். பெல்ஜியத்தில் குடியேறி நகராட்சியில் பதிந்ததும் வட்டாரப் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தாராம். குற்றம் எதுவும் இல்லை. நிஜமாகவே இங்கே குடியிருக்கிறீர்களா என்று பார்க்கத்தான் வருகிறார். கட்டில் இருக்கிறதா, பல் துலக்கும் பிரஷ் இருக்கிறதா என்கிற அளவுக்கு ஒரு பார்வை. இவர் வீட்டில் இல்லாத நேரத்தில் இரண்டு தடவை வந்து போயிருக்கிறார். மூன்றாவது தடவை இவர் விடுப்பு போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிக்காமல் சொல்லும் கதை வேறு. இங்கே வருவதற்கு முன்னால் அவர் வேறொரு நிறுவனத்தில் இருந்தார், அங்கே ஆள்குறைப்பில் வேலை போனது. பதினெட்டு வருடம் நெதர்லாந்தில் காப்பீடு கட்டியவர். நேராக டச்சு வேலையின்மை அலுவலகத்துக்குப் போனார். "நீங்கள் பெல்ஜியத்தில் குடியிருக்கிறீர்கள், அங்கே போய்க் கேளுங்கள்" என்றார்கள். முழுதாக வேலை இழந்த எல்லைத் தொழிலாளிக்குக் குடியிருக்கும் நாடுதான் படி கொடுக்க வேண்டுமாம். பெல்ஜியத்தில் அந்தப் படிக்கு உச்சவரம்பு குறைவு. டச்சுக் கணக்கை வைத்து வீட்டுக்கடன் வாங்கியவருக்குப் பெல்ஜியக் கணக்கில் பணம் வந்தது. எட்டு மாதம் அப்படி ஓட்டியிருக்கிறார்.

இப்படி மாட்டிக்கொண்ட டச்சுக்காரர்களே வழக்குப் போட்டு அது ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது என்றார். 2013இல் தீர்ப்பு வந்தது, அவர்களுக்கு எதிராக.

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம். எனக்கு இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். நானும் இந்த மாதிரி லோமலில் வீடு எடுக்க முடியுமா? ஆசை வந்துவிட்டது.

#7 கணக்குப்பிள்ளை (ரோட்டர்டாம்)

தம்பி, ஆசையைச் சுருட்டி வையுங்கள். உங்கள் சக ஊழியர் ஐரோப்பியக் குடிமகன், எல்லைக்கு எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தாலும் யாரும் கேட்க முடியாது. உங்கள் அனுமதி நெதர்லாந்தில் குடியிருப்பதற்கானது. பெல்ஜியத்தில் குடியேற அந்த நாட்டு அனுமதி தனியாக வேண்டும், அங்கிருந்து இங்கே வேலை பார்க்கவும் தனி அனுமதி வேண்டும். குடியுரிமைக்கு எண்ணும் ஐந்து வருடத் தொடர்ச்சியும் அறுந்துபோகும். அதை முடித்துக்கொண்டு பாருங்கள்.

சகோதரிக்குப் பாக்கி வைத்த விஷயம். டச்சு முதியோர் ஓய்வூதியம் சம்பளத்தைப் பார்த்து வருவதில்லை. நெதர்லாந்தில் குடியிருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 2 சதவீதம் சேரும். ஐம்பது வருடம் இருந்தால் முழுசு. வேலையே பார்க்காத இல்லத்தரசிக்கும் சேரும். வெளிநாட்டில் குடியிருந்து நெதர்லாந்தில் வேலை பார்க்கிறவருக்கும் சேரும். ஆனால் வெளிநாட்டில் குடியிருந்து நெதர்லாந்தில் வேலையும் பார்க்காதவருக்குச் சேராது.

உங்கள் வீட்டில் அது யார்? பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போன நாளிலிருந்து அவருக்கு ஏறிக்கொண்டே இருக்கும், உங்களுக்கு நின்றுவிடும். இருபது வருடம் என்றால் 40 சதவீதம் குறைவு. குடும்பஸ்தருக்கு இப்போது அந்த ஓய்வூதியம் ஆளுக்கு மாதம் ஆயிரம் யூரோ சொச்சம். அதில் 40 சதவீதத்தை ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இந்தியாவில் இருந்த வருடங்களும் ஏற்கெனவே கழிந்திருக்கும்.

இதை அந்த மூன்று நண்பர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கே தெரியுமோ என்னவோ. வேலைக்குப் போகிறவர்தான் ஆலோசனை கேட்கப் போவார், அவருக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும்.

#8 வால்நதி (நெய்மேகன்)

#7ஐ மூன்று தடவை படித்தேன். பிறகு கணவருக்கு டச்சில் சொன்னேன். முதலில் "அப்படி இருக்காது" என்றார். தேடிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் டீ போட்டுக் கொடுத்தார், அது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா தெரியவில்லை.

#9 ஆண்ட்வெர்ப்_அம்மணி

வால்நதிக்குக் கொஞ்சம் சிரிக்கவாவது ஏதாவது சொல்கிறேன். நான் இருபது வருடமாக ஃப்ளெமிஷ் மக்களோடு (வடக்கு பெல்ஜியத்தில் டச்சு பேசுகிறவர்கள்) இருக்கிறவள். என் பள்ளித் தோழமை எல்லாம் (பிள்ளைகளின் பள்ளி வாசலில் கிடைத்தது) பாதி ஃப்ளெமிஷ், பாதி டச்சு. வடக்கு பெல்ஜியத்தில் வெளிநாட்டுக் குடிமக்கள் யார் அதிகம் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். டச்சுக்காரர்கள்தான். யாருக்கும் அது தோன்றாது, அவர்களை வெளிநாட்டவர் என்றே யாரும் எண்ணுவதில்லை.

ஊர்சுற்றி சொன்ன ப்ராஸ்காட் மாளிகைகள் உண்மைதான். ஸ்கில்டே, கபெல்லன் பக்கமும் உண்டு. நெதர்லாந்தில் சேமிப்புக்கும் முதலீட்டுக்கும் வருடா வருடம் விழுகிற வரி இங்கே அந்த உருவத்தில் இல்லை, அதனால் சொந்தக் கம்பெனியை விற்ற பெரிய புள்ளிகள் வந்தார்கள். ஆனால் டச்சு வரித்துறை அவ்வளவு ஏமாளி இல்லை. கம்பெனிப் பங்கு வைத்திருப்பவர் கிளம்பும்போதே "இதுவரை ஏறிய மதிப்புக்கு இவ்வளவு வரி" என்று ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்ளும். டச்சுக் குடிமகன் நாட்டைவிட்டுப் போய்ப் பத்து வருடத்துக்குள் இறந்தால், இன்னும் நெதர்லாந்தில் இருந்தவர் மாதிரியே வாரிசு வரியும் கேட்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அந்தப் பத்தாவது வருட நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். அன்றைக்குக் கேக் வெட்டினார். நிஜமாக.

மொழி விஷயம்தான் தமாஷ். இரண்டு பக்கமும் டச்சுதான் பேசுகிறார்கள், அதனால் எல்லாம் புரியும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். 'ஸ்ஹோன்' என்றால் நெதர்லாந்தில் சுத்தம், இங்கே அழகு. 'லோப்பன்' என்றால் அங்கே நடப்பது, இங்கே ஓடுவது. பிள்ளையின் விளையாட்டு ஆசிரியர் "ஓடு" என்று சொல்ல, புதிதாக வந்த டச்சுப் பிள்ளை நிதானமாக நடந்து போனதைப் பார்த்திருக்கிறேன். வகுப்பே சிரித்தது.

ஆனால் சொல்லைவிடப் பேசும் விதம்தான் பெரிய தடை. டச்சுக்காரர் கூட்டத்தில் "இந்த யோசனை சரியில்லை" என்று நேராகச் சொல்வார், அவர் ஊரில் அது மரியாதை. ஃப்ளெமிஷ்காரர் "பார்க்கலாம்" என்பார். அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். நம்ம ஊர் "பார்க்கலாம்" போலவே. டச்சுக்காரர் அதை நம்பி அடுத்த வாரம் வந்து "பார்த்தீர்களா?" என்று கேட்பார். மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் சீஸும் டப்பாவில் கொண்டுவந்து பத்து நிமிடத்தில் தின்றுவிட்டு எழுந்துபோகும் ஆளை, சூடாக உட்கார்ந்து சாப்பிடுகிற இந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

#10 எல்லைக்கிளி (க்ரானன்புர்க் பக்கம்)

அம்மணி, ஒரே மொழி இரண்டு நாடு என்றால் எங்களுக்குத் தெரியாதா? முதன்முதல் ஒரு மதுரைக் குடும்பம் வீட்டுக்கு வந்தபோது என் மனிசி வாசலில் நின்று "வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்டா. நாங்கள் கேட்டது புறப்பட்டாயிற்றா என்று. அந்தத் தம்பி முகத்தைப் பார்க்க வேண்டும்.

#11 ஆண்ட்வெர்ப்_அம்மணி

ஐயோ! காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

#12 ரைன்_ராசு (டூசல்டோர்ஃப்)

எல்லாரும் நெதர்லாந்தில் வேலை, வெளியே வீடு என்றே பேசுகிறீர்கள். தலைகீழாகவும் உண்டு. என் அலுவலகத்தில் ஒரு டச்சு எஞ்சினியர், வீடு ஃபென்லோவில், வேலை இங்கே. நல்ல திறமைசாலி. வந்த முதல் மாதமே ஒரு யோசனையைத் தன் மேலாளரைத் தாண்டி நேராகப் பிரிவுத் தலைவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார், அதுவும் முதல் பெயர் போட்டு, 'நீ' என்று. இங்கே அந்தத் தலைவர் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் வைத்துச் சொல்லாமல் லிஃப்டில்கூட யாரும் பேசுவதில்லை. யோசனை நல்ல யோசனை. அது அப்படியே இரண்டு மாதம் கிடந்தது. பிறகு மேலாளர் அதையே தன் படிவத்தில் எழுதி அனுப்பினார், உடனே நிறைவேறியது.

அவர் இதற்கெல்லாம் கோபப்படுவதில்லை. "ஜெர்மனியில் ஒரு விஷயம் முடிவானால் அது முடிவு. எங்கள் ஊரில் முடிவான பிறகும் காபி இடைவேளையில் மறுபடி ஆரம்பிப்பார்கள்" என்பார். அதற்காகவே இங்கே பிடித்திருக்கிறதாம். ஆனால் குடியேற மாட்டாராம், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காத ஊரில் எப்படி இருப்பது என்கிறார். எங்கள் ஊர்க்காரர்களோ விடுமுறை நாளில் அவர் ஊர்ப் பக்கம்தான் சாமான் வாங்கப் போகிறார்கள். வரிசையில் நின்று ஃபென்லோ கடைகளுக்குப் போவதை அவர் ஜன்னலிலிருந்து எண்ணுவாராம்.

#13 ஊர்சுற்றி (டென் ஹாக்)

சரி, எல்லாரும் பணக்காரர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்காமல் மக்களை அடுத்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு என்ன நாடு என்று கேட்கிறேன். பிறகு எல்லையில் சோதனை வேறு.

#14 எல்லைக்கிளி (க்ரானன்புர்க் பக்கம்)

சோதனை உண்மைதான். ஜேர்மனி 2024 செப்டம்பரில் தொடங்கியது, ஒல்லாந்து அந்த டிசம்பரில். எங்கள் ஊர்ப் பாதையில் ஏதோ ஒரு நாள் நிற்பார்கள், பல நாள் நிற்க மாட்டார்கள். கொரோனா நேரம் பெல்ஜியப் பக்கம் பட்ட பாட்டோடு பார்த்தால் இது ஒன்றும் இல்லை, அம்மணியைக் கேளுங்கள்.

எல்லை என்றதும் ஒரு பழைய கதை. நெய்மேகனிலிருந்து ரைனுக்கு அந்தப் பக்கம் எல்டன் என்று ஒரு ஊர் இருக்கிறது. போர் நட்டஈடாக 1949இல் ஒல்லாந்து அதை எடுத்துக்கொண்டது. 1963 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஜேர்மனிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின இரவு ஊர் முழுக்க லொறி. வெண்ணெய், கோப்பி என்று ஒல்லாந்துச் சாமான் ஏற்றி ஒழுங்கை ஒழுங்கையாக நிறுத்தியிருந்தார்கள். நள்ளிரவு தாண்டியதும் லொறி அசையவே இல்லை, எல்லைதான் நகர்ந்தது. ஒரு சதம் சுங்கம் இல்லாமல் எல்லாம் ஜேர்மனிக்குள் வந்துவிட்டது. வெண்ணெய் இரவு என்று இன்றைக்கும் சொல்வார்கள். இந்தப் பக்கத்துச் சனம் எல்லையை வைத்துக் கணக்குப் பார்ப்பது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை, ஊர்சுற்றி.

#15 ஆண்ட்வெர்ப்_அம்மணி

ஆமாம், 2020 மார்ச்சில் பெல்ஜியம் எல்லையை மூடியது. சின்னச் சின்னக் கிராமச் சாலைகளில் சரக்குக் கன்டெய்னரைக் குறுக்கே வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர் காகிதம் காட்டிப் போகலாம், பாட்டியைப் பார்க்கப் போக முடியாது. டச்சுக்காரர் பலருக்கு அன்றைக்குத்தான் தாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம் என்றே தெரிந்தது.

பார்லெயில் இன்னும் வேடிக்கை. அந்த ஊர் டச்சு மண்ணுக்குள் 22 பெல்ஜியத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது, அந்தத் துண்டுகளுக்குள்ளேயும் டச்சுத் துண்டுகள். எல்லைக்கோடு வீட்டுக்கு நடுவே போனால் வாசற்கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு வீடு. ஒரு துணிக்கடைக்குள்ளேயே கோடு போனது. பெல்ஜியத்தில் கடைகளை மூடச் சொன்னார்கள், நெதர்லாந்தில் சொல்லவில்லை. கடைக்காரர் நடுவில் நாடா கட்டிவிட்டுப் பாதிக் கடையை மட்டும் திறந்து வைத்தார்.

#16 நெறியாளர்

எல்லாம் சுவையாக இருக்கிறது, ஆனால் இழை வால்நதியின் வீட்டைப் பற்றியது. வரி அரசியல் பேச விரும்புகிறவர்கள் தனி இழை திறக்கவும்.

#17 வால்நதி (நெய்மேகன்)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நெறியாளருக்கு நன்றி, ஆனால் வெண்ணெய் இரவை நீக்காதீர்கள். கணவரிடம் சொன்னேன், அவருக்கே தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எல்லைத் தொழிலாளர்களுக்கென்று இலவசமாக ஆலோசனை சொல்லும் மையத்துக்குப் போனோம். ஒரு மேசையில் டச்சு அதிகாரி, பக்கத்தில் ஜெர்மன் அதிகாரி. எதிர்பார்த்ததைவிடத் தெளிவாகச் சொன்னார்கள். கணக்குப்பிள்ளை அண்ணா எழுதியதெல்லாம் அப்படியே சரி. நான் கேட்ட பிறகுதான் என் ஓய்வூதியம் பற்றிய பேச்சே வந்தது. குடிபெயர்ந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் நானே விருப்பக் காப்பீடு கட்டலாம், அதிகபட்சம் பத்து வருடம். வருமானம் இல்லாதவளுக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு. கணவர் அங்கேயே, அதிகாரி முன்னாலேயே, "அது வீட்டுச் செலவுக் கணக்கில் வரும், உன் கணக்கில் இல்லை" என்றார். அதிகாரி அம்மா பேனாவை வைத்துவிட்டு, இதை அவர் சொன்னதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். டச்சு நகைச்சுவை. வாங்கிக்கொண்டேன்.

வீட்டிலிருந்து வேலை: வருடத்தில் முப்பது நாளுக்குள் வைத்துக்கொள்கிறேன் என்று நிறுவனத்தில் பேசிவிட்டார். மீதி நாள் போய் வருவார். எதிர்க்காற்று வரும்போதுதான் தெரியும், சைக்கிள்காரன்.

பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. நெதர்லாந்தில் குடியிருக்க வாங்கும் வீட்டுக்குப் பத்திரவரி 2 சதவீதம், வங்கியும் வீட்டு மதிப்பு முழுவதற்கும் கடன் தரும். ஜெர்மனியில் இந்த மாநிலத்தில் 6.5 சதவீதம். தரகருக்கு எங்கள் பங்கு 3.57. நோட்டரியும் பதிவும் சேர்ந்து இன்னும் இரண்டு சொச்சம். மூன்றரை லட்சத்து வீட்டுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் கையிலிருந்து போகிறது, அதற்கு வங்கி கடன் தராது. அதற்கு மேல் சொந்தப் பணமும் காட்டச் சொல்கிறார்கள். ஊரில் அப்பா எனக்காகப் போட்டு வைத்திருந்ததை எடுக்க வேண்டியிருக்கும். வீட்டுப் பத்திரத்தில் என் பெயரும் சமபாதி, அதையும் பேசியாயிற்று.

பள்ளி பற்றி இன்னும் முடிவில்லை. நெதர்லாந்தில் நாலு வயதில் பள்ளிக்குப் போய்விடுவான், ஜெர்மனியில் ஆறுவரை மழலையர் பள்ளிதான். நண்பர்கள் பிள்ளைகளைக் காரில் நெய்மேகனுக்குத்தான் கொண்டுபோகிறார்கள். எல்லைக்கிளி அண்ணா எழுதியதைப் படித்த பிறகு அது எனக்கு உறுத்துகிறது. ஊரிலேயே சேர்க்கலாமா என்று பார்க்கிறேன். தமிழ், டச்சு, அதன்மேல் ஜெர்மன். அவன் நாக்கு என்ன ஆகுமோ.

வீடு க்ரானன்புர்கில் பார்த்திருக்கிறோம். கோடையில் நோட்டரி கையெழுத்து, செப்டம்பரில் குடிபோவதாகத் திட்டம்.

#18 கணக்குப்பிள்ளை (ரோட்டர்டாம்)

நல்லது. இன்னும் ஒன்று: கார். மஞ்சள் நம்பர் பலகையோடு ஜெர்மனியில் குடியிருந்துகொண்டு சுற்றாதீர்கள், சொந்தக் கார் என்றால் அங்கே மாற்றிப் பதிய வேண்டும். நெதர்லாந்தில் வாங்கியபோது கட்டிய வாகன வரியில் மிச்சமுள்ள பகுதியை ஏற்றுமதி என்று காட்டித் திரும்பக் கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை.

#19 எல்லைக்கிளி (க்ரானன்புர்க் பக்கம்)

வாங்கோ தங்கச்சி, ஊருக்கு நல்வரவு. குடிபோகிற நாள் பார்க்கும்போது எங்களிடம் ஒரு சொல் கேளுங்கள்.

#20 வால்நதி (நெய்மேகன்)

அம்மா ஏற்கெனவே பஞ்சாங்கம் பார்த்துவிட்டார்கள் அண்ணா. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல முகூர்த்தமாம், காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்சச் சொல்கிறார்கள்.

#21 எல்லைக்கிளி (க்ரானன்புர்க் பக்கம்)

அதுக்குத்தான் சொன்னேன். ஞாயிறு கடை எல்லாம் பூட்டு. பாலைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கோ, இல்லையென்றால் காலமை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். சங்கு மட்டும் ஊத வேண்டாம். தபால் பெட்டியில் கடிதம் வரும்.